விளக்கு அணையாத கிணறு

இங்கே ஜெர்மனியில் வகுப்பு முடிந்தால் மாணவர்கள் கை தட்டுவதில்லை; விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். அதுதான் பாராட்டாம். முதல் நாள் நான் அதைக் கேலி என்று நினைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் பீர் ஆலையில் புளிக்கவைக்கும் தொட்டிகளோடு மாரடித்துவிட்டு, அதே தொழிலைச் சொல்லிக்கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவன் நான். எங்கள் ஊர் அன்னவாசலில் அப்பா அத்தனை வருடமும், "மூத்தவன் மருந்துக் கம்பெனியில இருக்கான்" என்றே சொல்லிவந்தார். தம்பி முருகேசனும் அதையே நம்பினான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதனால், என்னோடு வேலை பார்த்த ஒருவர் காலித் தொட்டியைக் கழுவ இறங்கி, அடியில் தங்கியிருந்த வாயுவில் மூச்சடங்கிப்போனதையும் வீட்டில் சொன்னதில்லை. மருந்துக் கம்பெனியில் அப்படியொரு தொட்டி ஏது?

சென்ற மாதம் ஒரு காலை, முருகேசன் வீடியோவில் அழைத்தான். எங்கள் கிணற்றில் தூர் வாருகிறார்கள். கூலிக்கு வந்த செல்லையா ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தார்.

"நானும் எறங்கப் போறேண்ணே."

"வெளக்க எறக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. நல்லா எரியுது."

கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். நானும் தலையாட்டினேன். அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

"அது என்னடா?"

"பெட்ரோல் இன்ஜின்ணே. மேலருந்து தண்ணிய இழுக்கல. அதான் கயிறு கட்டி உள்ள எறக்கிட்டோம்."

இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு நச்சில் விளக்கு அணையாது, மனிதன்தான் விழுவான்.

"எறங்காத! செல்லையாவ மேல ஏறச் சொல்லு!"

"வெளக்குதான் எரியுதுல்ல? ஒங்க மருந்துக் கம்பெனி வேற, கெணறு வேறண்ணே" என்று சிரித்தபடி போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினான்.

"நான் இருந்தது மருந்துக் கம்பெனி இல்லடா, பீர் கம்பெனி! தொட்டியில ஆள் செத்ததக் கண்ணால பாத்தவன்டா!" என்று கத்தினேன்.

அப்பாவின் முகம் திரைக்கு அருகே வந்தது. "மெதுவாப் பேசுப்பா. இங்கிட்டு ஆளுக நிக்கிறாங்க" என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

எத்தனை முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து முருகேசனே பேசினான், குழறலாக.

"எனக்கு முழிப்பு வந்துருச்சுண்ணே. செல்லையாவுக்கு வரல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

அவமானமாக இருந்தது. மறுநாள் அங்கே செல்லையாவை எடுத்த நேரத்தில், நான் இங்கே முப்பது பேருக்கு, தொட்டிக்குள் எப்படி இறங்கக் கூடாது என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.