இரண்டரை மணிக் கொடி

அன்புக்கரசியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரும் எழுதப்போவதில்லை.

பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி கூட்டி, கார் நிறுத்துமிடம் கழுவுகிற வேலை அவருக்கு. வயது முப்பத்தாறு. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்துக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, வேலைக்கு முன் ஒரு மணி நேரம் கடற்கரைச் சாலையில் ஓடுவார். காலில் மகளின் பழைய பள்ளிக்கூட ஷூ. ஒரு வருஷம் இப்படி ஓடினார். மழை நாளில்கூட நிறுத்தவில்லை.

காரணம் இருந்தது. எங்கள் ஓட்டக் குழுவில் பெண்கள் பிரிவை நடத்தும் ரூபீனா, காலை வகுப்புக்கு உதவிப் பயிற்சியாளர் தேடிக்கொண்டிருந்தார். "இருபத்தோரு கிலோமீட்டரை ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ஓடிக் காட்டு, வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். துடைப்பத்தை வைத்துவிட்டு விசிலை எடுக்கலாம். "ஓடறதுக்கு சம்பளம் குடுப்பாங்களாமே சார்!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இனி என் லட்சணம். என் பெயர் புகழேந்தி. மந்தைவெளியில் வீடு, பேங்க் உத்தியோகம். நாலு வருஷம் முன்பு இதே தூரத்தை ரெண்டே கால் மணி நேரத்தில் ஓடினவன். அதைச் சொல்லிச் சொல்லியே தொப்பை வளர்த்தவன். தினமும் காலையில் ஷூவோடு எடுத்த போட்டோவைக் குழுவில் போடுவேன். லஸ் முனை வரை ஓடுவேன், காபி குடிப்பேன், ஆட்டோவில் திரும்புவேன். ரூபீனா சொன்ன அந்த இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயத்தை எங்கள் குழுவே நடத்தியது. அதற்கு 'பேசர்' வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டபோது கட்டைவிரலைத் தூக்கிவிட்டேன். பேசர் என்றால், நேரம் எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு, பிசகாமல் அந்த நேரத்துக்குள் ஓடிச் சேர்பவன். அவன் பின்னால் ஓடினால் போதும், வேறு கணக்கு வேண்டாம். என் கொடியில் இரண்டரை மணி என்று எழுதியிருந்தது.

விடியுமுன் பெசன்ட் நகரில் கிளம்பினோம். அன்புக்கரசி கையில் வாட்ச் இல்லை. "அது இன்னாத்துக்கு சார், அதான் உங்க கொடி கீதே" என்றார்.

மெரினா போய்த் திரும்பும்வரை சரியாகத்தான் ஓடினேன். கலங்கரை விளக்கம் தாண்டியதும் தொடை பிடித்துக்கொண்டது. சாந்தோமில், வாட்ச் கட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். அப்போதே கொடியைக் கழற்றி யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். தொடை வலியைத் தாங்க முடிந்தது. அந்த அவமானத்தைத் தாங்கத் தைரியம் வரவில்லை.

"டைம் கரெக்டா போய்க்கினு கீதா சார்?" என்று கேட்டார் அன்புக்கரசி. அவருக்கு மூச்சே வாங்கவில்லை.

"கரெக்டா போகுது" என்றேன். மூன்று நிமிஷம் பின்தங்கியிருந்தோம்.

அடையாறு பாலத்தில் மறுபடியும் கேட்டார். "நான் வேணா கொஞ்சம் முன்னாடி போவட்டா சார்?"

போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரும் போய்விட்டால், பின்னால் ஓர் ஆளும் இல்லாத கொடியோடு நான் மட்டும் நொண்டிக்கொண்டு போக வேண்டும். "இப்ப வேகமா போனீங்கன்னா கடைசியில கால் பிடிச்சுக்கும். என் பின்னாடியே வாங்க" என்றேன். சரியென்று வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பாவி நான்.

முடிவுக்கோட்டில் இருந்த பெரிய கடிகாரம் இரண்டு மணி முப்பத்தேழு நிமிஷம் காட்டியது. அன்புக்கரசி அதைப் பார்த்தார், என் கொடியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வருஷம் ஓடிய தன் காலைச் சந்தேகப்பட்டாரே தவிர, என் கொடியைச் சந்தேகப்படவில்லை.

ரூபீனா வந்தார். "ஏழு நிமிஷம் போயிடுச்சேம்மா. இனிமே நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உங்க கூடத்தானே வந்தாங்க? என்ன ஆச்சு சார்?"

நான் வாய் திறக்குமுன் அன்புக்கரசி முந்திக்கொண்டார். "சார் மேல தப்பில்ல மேடம். எனக்குத்தான் ஓட முடில போல. என்னை வுட்டுட்டுப் போவ மனசில்லாம சாரும் மெதுவா வந்தாரு." பிறகு என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க சார். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு."

ரூபீனா காத்திருந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த வேலை அன்புக்கரசிக்குக் கிடைத்திருக்கும்.

"பரவாயில்லம்மா" என்றேன்.