எதிர்க் கதிரை

பாதத்தை ஒரு சாண் உயரம் தூக்கி, அதற்குக் கீழே முகக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் ஞானேஸ்வரி. காலை வெயில் வாசற்படிக்கு வந்ததும் இதுதான் முதல் வேலை. குதிகால், உள்வளைவு, விரலிடுக்கு என்று கண்ணாடியை மெல்ல நகர்த்துகிறாள். சிப்பி ஓடு கீறியிருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா, தோல் எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்க்கிறாள். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கிற விரல்களுக்கும் உணர்ச்சி கிடையாது.

"காலுக்கு நோவு தெரியாது. அதால நான்தான் பாத்துச் சொல்லவேணும், இந்தா உனக்குக் காயமெண்டு," என்பாள். கிளினிக்கில் நேர்ஸ் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது. காலோடு கதைக்கிற பழக்கம் மட்டும் அவளுடைய சொந்தம்.

உடப்பில் அவளுடைய வீட்டுக்கு வழி கேட்டால் இரண்டு அடையாளங்கள் சொல்வார்கள். காலையில் கேட்டால் இடியப்பக்கார ஞானம் வீடு. பின்னேரம் கேட்டால் கடதாசிக்கார ஞானம் வீடு. இடியப்பம் விற்றுத் தீர்ந்து, குளித்து, பத்திய சோற்றை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தபிறகுதான் கடதாசி வெளியே வரும். டரோட் என்கிற, குறி பார்க்கும் படச் சீட்டுகளைத்தான் ஊர் அப்படிச் சொல்கிறது. கற்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் இடமொன்றில் சில காலம் அவள் சமையலுக்கு நின்றாள். அங்கே ஒரு பருவம் முழுக்கத் தங்கியிருந்த ஒருத்தி, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே பாதி ஆங்கிலமும் பாதி கைச்சாடையுமாக இதைச் சொல்லிக்கொடுத்தாள். போகும்போது சீட்டுக்கட்டையும் விட்டுவிட்டுப் போனாள். 

ஞானேஸ்வரிக்கு ஆங்கில எழுத்து ஓடாது. அது ஒரு குறையாகப் படவும் இல்லை. படங்களுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டாள். கண்ணைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்திருப்பவள் கண்கட்டிக்காரி. முதுகு வளையக் கம்புகளைச் சுமந்துபோகிறவன் விறகுக்காரன். சிவப்பு அங்கியோடு சிம்மாசனத்தில் இருந்து, ஒரு கையில் வாளும் மறு கையில் தராசும் வைத்திருப்பவள் தராசுக்காரி. எலும்புக்கூடு குதிரையில் வரும் சாவுச் சீட்டை மட்டும் கட்டிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். கடலுக்கு ஆள் போயிருக்கிற வீட்டுப் பெண்கள் அதைக் கண்டால் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடற்காற்றில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் அவற்றுக்கு முகப்பவுடர் பூசுகிறாள். நியாயம் கேட்டு வருகிற எவருக்கும் முதலில் மூக்கில் அடிப்பது குழந்தைப்பிள்ளை வாசம்தான்.

"நாளைக்கு என்ன நடக்குமெண்டு கேக்கிறதெண்டா சாத்திரி வீட்ட போங்க. இண்டைக்கு என்ன செய்யிறதெண்டு கேக்கிறதெண்டா இருங்க," என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். கேள்வி 'நான்' என்று தொடங்கவேண்டும் என்பது அவளுடைய சட்டம். அவன் திருந்துவானா, அவள் ஒத்துக்கொள்வாளா என்பதற்கெல்லாம் சீட்டு விழாது. "மத்தவன்ட வளவுக்குள்ள எட்டிப் பாக்கிறதுக்கு இது ஏணி இல்ல," என்பாள். இந்தச் சட்டத்தைக் கேட்டதும் பாதிப்பேருடைய கேள்வி வாயிலேயே கரைந்துபோகிறது. மிச்சப் பாதிப்பேர்தான் உட்காருகிறார்கள்.

ஒரு ஸ்டூல், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். நீலக் கதிரை வருகிறவர்களுக்கு. சிவப்பு அவளுக்கு, அதன் உடைந்த கையை வலை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள், முன்னால் கால் வைக்க ஒரு செங்கல் கிடக்கிறது. ஸ்டூலின் மேல் மூன்று சீட்டுகள் விழும். கேட்கிறவருக்கு ஒன்று, சம்பந்தப்பட்ட மற்ற ஆளுக்கு ஒன்று, நடுவில் ஒன்று. படத்தைப் பார்த்து என்ன தோன்றுகிறதென்று வந்தவரையே சொல்லவைப்பாள். அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லி முடித்து, மூச்சுவாங்கி, இனித் தீர்ப்பு வரும் என்று நிமிர்கிற நேரத்தில் அவள் எழுந்துவிடுவாள்.

"இப்ப என்ட கதிரையில வந்து இருங்க."

அங்கே போய் இருந்து பார்த்தால் எல்லாப் படங்களும் தலைகீழாகத் தெரியும். எதிர் ஆளின் கண்ணுக்கு உன் நியாயம் இப்படித்தான் தெரிகிறது என்று அவள் விளக்கம் சொல்வதில்லை. எழுந்து நின்று முந்தானையால் விசிறிக்கொண்டு காத்திருப்பாள். முந்தலிலிருந்து வந்த இறால் பண்ணைக்காரர் ஒருவர் அந்தக் கதிரையில் இருந்து தேம்பி அழுதிருக்கிறார். இன்னொருவர் ஆத்திரத்தில் ஸ்டூலை உதைத்துவிட்டுப் போனார்; அடுத்த கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். புத்தளம் பக்கத்து றிஃப்னா டீச்சர் வந்தால் வாசலிலேயே சொல்லிவிடுவார்: "கடதாசி வாணாம் அக்கா, அது எங்களுக்குக் கூடாது. கதிரைய மட்டும் தாங்க." சீட்டில்லாமலே இரண்டு கதிரைகளிலும் மாறி மாறி இருந்து, தன் நாத்தனாரோடு எதுவரை போவது, எங்கே நிறுத்துவது என்று தனக்குத்தானே கதைத்துத் தெளிந்துகொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

ஞானேஸ்வரி தனக்கென்று ஒருநாளும் சீட்டுப் போட்டதில்லை. ஏனென்று கேட்டால், "ரெண்டு கதிரையிலயும் நான்தானே இருப்பன்," என்று சிரிப்பாள். சிரிப்புக்குப் பின்னால் உண்மை வேறு. ஊருக்கெல்லாம் 'ஏலாது' என்று சொல்லப் பழக்குகிறவளுக்கு, தன் வீட்டாரிடம் அந்தச் சொல் வாயில் வராது. புருஷன் செத்துப்போனபிறகு தனக்குச் சேரவேண்டிய தென்னங்காணியை அண்ணன் கதிரவேலு கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினாள். அண்ணன் பிள்ளைகளின் சடங்குகளுக்கெல்லாம் அடுப்படியில் நின்றவள் அவள்தான். பிள்ளையில்லாதவள், கேட்டால் தருவாள் என்று அந்தக் குடும்பம் பழகிவிட்டது. அவளும் பழகிவிட்டாள்.

தை மாதம் கதிரவேலு வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வள்ளத்துக்குள்ளேயே சரிந்து விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி தவமலர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி அம்மனை அழைத்தாள். "தாயே, இவர எழுப்பித் தா. கூடப்பிறந்தவள் ஞானம் உன்ட தீய மிதிப்பாள்." ஞானேஸ்வரி அந்த நேரம் பக்கத்தில்கூட இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய கால்கள் நேர்ந்தாயிற்று. 

கதிரவேலு எழும்பிவிட்டார். கைத்தடியோடு கரைக்குப் போய் வருகிறார். நாக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் குழறுகிறது. ஆடித் திருவிழா வந்தது. சொந்தக்காரர்கள் ஞானேஸ்வரியின் காலைப் பார்ப்பதும், பிறகு வேறு பக்கம் பார்ப்பதுமாக இருந்தார்கள். அம்மாளின் தீ சுடாது என்றார்கள். அதை அவளும் நம்புகிறவள்தான். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு தீமிதிப்பையும் கைகூப்பி நின்று பார்த்தவள். அவளுடைய பயம் வேறு. நேர்ந்தவள் ஒருத்தி, மிதிக்கிறவள் ஒருத்தி என்றால் அம்மாள் யாரைத் தாங்குவாள்? தாங்காமல் விட்டால், சுட்டதுகூட இந்தக் காலுக்குத் தெரியாதே. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்துத்தான் தெரியும். மிஞ்சிய காலும் போனால் இடியப்ப உரலுக்கு முன்னால் நிற்பது யார்? மிதிக்காமல் விட்டு, அண்ணனுக்கு ஏதும் ஆகிவிட்டால் அந்தப் பழியைச் சுமப்பது யார்? அண்ணனிடமே போய்க் கேட்டாள். "உன்ட விருப்பம்," என்றார் அவர், கடலைப் பார்த்துக்கொண்டு. மிதி என்று அதட்டியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

மறுநாள் கோயிலில் தீ மிதிப்பவர்களுக்குக் காப்புக் கட்டுகிறார்கள் என்றிருக்க, முதல்நாள் பின்னேரம் தவமலர் தட்டில் மஞ்சள் சேலையோடு வந்தாள். சேலையை நீட்டினாள். ஞானேஸ்வரியின் கை நீளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருவருக்கும் நடுவில் தட்டு அந்தரத்தில் நின்றது.

"சரி, கடதாசியப் போடு ஞானம். அது சொல்லட்டும்," என்றாள் தவமலர்.

"எனக்கு நான் போடமாட்டன் மச்சாள். உங்களுக்கெண்டாப் போடுறன்."

தவமலர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நீலக் கதிரையில் இருந்தாள். "ஞானம் தீ மிதிப்பாளா?"

"அது உங்கட கேள்வி இல்ல. நான் எண்டு தொடங்குங்க."

தவமலருக்கு எரிச்சல் வந்தது. "நான்..." என்று தொடங்கி நிறுத்தினாள். மறுபடி, "நான் நேந்தது..." என்றாள். அதற்குமேல் வசனம் நகரவில்லை. வசனம் முடியாமலே ஞானேஸ்வரி சீட்டைக் குலுக்கிப் போட்டாள். தவமலருக்குக் கண்கட்டிக்காரி விழுந்தாள். எதிர்ப்பக்கத்துக்கு விறகுக்காரன். நடுவில் தராசுக்காரி.

"இதில என்ன இருக்கு? தராசு நேராத்தான் இருக்கு," என்றாள் தவமலர். "கூடப்பிறந்த ரத்தம் கேட்டாத்தான் அம்மாள் இரங்குவா எண்டு நேந்தன். பிழையா? அவர் எழும்பினாரா இல்லையா?"

"எழும்பினார்," என்றாள் ஞானேஸ்வரி. கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். "இப்ப இங்க வந்து இருங்க. நான் இருக்கிற மாதிரி இருங்க. செருப்பக் கழட்டிப்போட்டு, காலத் தூக்கி அந்தக் கல்லில வைங்க."

தவமலர் முணுமுணுத்துக்கொண்டே வந்து இருந்தாள். செங்கல்லில் வெறுங்காலை வைத்தாள். அவ்வளவு நேரமும் எதிராளியைக் காட்டிக்கொண்டிருந்த வாள் இப்போது அவளை நோக்கியிருந்தது. தராசு தலைகீழாகத் தொங்கியது. தராசுக்காரியின் நீண்ட அங்கிக்குக் கீழே ஒரேயொரு பாதத்தின் நுனி மட்டும் வெளியே தெரியும். நீலக் கதிரையிலிருந்து பார்க்கிறவர்கள் வாளையும் தராசையும்தான் பார்ப்பார்கள். இங்கிருந்து பார்க்கையில் அந்தப் பாதம்தான் மேலே இருந்தது. தவமலர் அதையே பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் நின்றிருந்த ஞானேஸ்வரியின் மூன்று விரல் பாதத்தை, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, பார்வையைத் திருப்பாமல் பார்த்தாள்.

வாசலில் காகம் ஒன்று இடியப்பத் தட்டைக் கொத்தியது. இருவரும் விரட்டவில்லை.

"எனக்கு நெருப்பெண்டாப் பயம் ஞானம்," என்றாள் தவமலர். சட்டைக் கையை மேலேற்றி, அடுப்பு வெடித்தபோது சுட்ட பழைய தழும்பைக் காட்டினாள். எல்லோருக்கும் தெரிந்த தழும்புதான். "அண்டைக்கு என்ட பேரச் சொல்லத்தான் வாய் வந்தது. நெருப்ப நினைச்சன். உன்ட பேர் வந்திட்டுது."

ஞானேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அதோடு சேர்ந்து, இவள் பாவம் என்றும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, ஊரார் எத்தனையோ பேருக்குப் பழக்கிய அந்த மறுப்பைத் தன் வாயால் சொன்னாள்.

"நான் மிதிக்கமாட்டன் மச்சாள்."

"அவருக்கு ஏதும் ஆச்செண்டா?"

"ஆச்செண்டா நானும்தான் அழுவன். என்ட அண்ணன். ஆனா அதுக்கு என்ட காலக் காட்டிக் கதைக்கக்கூடாது. நீங்களும் கூடாது, ஊரும் கூடாது."

குரல் நடுங்கியது. ஆனாலும் சொல் மாறவில்லை. தவமலர் சிவப்புக் கதிரையிலிருந்து எழுந்து நீலத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மஞ்சள் சேலையைத் தட்டிலிருந்து எடுத்து, விரித்து, தன் தோளில் போட்டு நீளம் பார்த்தாள். கண்ணிலிருந்து வடிந்ததை அதன் தலைப்பாலேயே துடைத்துக்கொண்டாள்.

"நான் காப்புக் கட்டப் போனா நீயும் கூட வருவியா?"

"வருவன். தீமிதிப்பு அண்டைக்கும் குழிக்கு அந்தப் பக்கம் நிப்பன்."

சொல்லிவிட்டு ஞானேஸ்வரி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் முகக்கண்ணாடி இருந்தது. சுவரைப் பிடித்து, முழங்கால் முனக, வாசற்படியில் உட்கார்ந்தாள். செங்கல்லில் இருந்த தவமலரின் காலைத் தூக்கித் தன் பக்கம் இழுத்து, அதற்குக் கீழே கண்ணாடியைப் பிடித்தாள். கூசிப்போய்க் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள் தவமலர். "ஆட்டாதீங்க," என்றாள் ஞானேஸ்வரி. ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்துவிட்டு, குதிகாலிலிருந்து தொடங்கி, உள்வளைவு, விரலிடுக்கு என்று, எங்காவது கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனாள்.