மூன்றாவது புள்ளி

எதிர்வீட்டுக்காரர் பற்பசைக் குழாயை அடிக்கோலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அளக்கிறார். நேற்றைய நீளம் ஒரு புள்ளி, இன்றைய நீளம் ஒரு புள்ளி. இரண்டையும் கட்டத்தாளில் வைத்துக் கோடு இழுத்தால், அது கீழே அச்சைத் தொடும் நாளில் பற்பசை தீர்ந்தாக வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு விடுவார். இதுவரை தவறியதில்லை. "மிச்சத்த நான்தான் பிதுக்கி எறிவேன். இல்லன்னா நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாரு" என்று அவர் மனைவி என் காதில் மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்.

தெருமுனைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் நேர்கோடு. வளைந்து திரும்பமாட்டார், மூலைக்குப் போய்த்தான் திரும்புவார். மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் குறுக்கே வந்தால் பள்ளம்தான் ஒதுங்கிக்கொள்ளும் என்று ஒரு பையன் சத்தியம் செய்தான். நான் நம்புகிறேன். நாலாவது மாடியில் அவருக்கு எதிர்வீட்டில் இருந்துகொண்டு இதைவிடப் பெரிய அதிசயங்களைப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் யாரையும் அடிப்பதில்லை. விடை தப்பினால் தன் நெற்றியைத் தானே தேய்த்துக்கொள்வார். பரீட்சைக் காலத்தில் நெற்றி சிவந்தே இருக்கும். "ரெண்டு புள்ளி குடு, போதும்டா. மேல எவ்வளவு ஏறிச்சு, பக்கத்துல எவ்வளவு நகந்துச்சு, இதால அத வகு. அதான் சாய்வு. சாய்வு தெரிஞ்சா கோடு முழுசும் கைக்குள்ள" என்பார். பிள்ளைகளோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர்களையும் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கோடு போடுவார். பால்காரர், பல் மருத்துவர், மைத்துனர், எல்லாருக்கும் ஒரு சமன்பாடு உண்டு. எனக்கும் உண்டாம், கேட்டுக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

அவருடைய ஒரே மகள் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒருநாள் லிஃப்ட் நின்றுபோனது. கதவைத் திறந்துவிட வந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் இறங்கவேண்டிய மாடியை அவள் மறந்துவிட்டாள். ஆறு மாதத்தில் விஷயம் வீட்டுக்கு வந்தது. பெண் கேட்டுப் பேச மெக்கானிக் தனியாகத்தான் வந்தார், அவருக்குப் பெற்றவர்கள் இல்லை. முதல் தடவை இருபது நிமிடம் தாமதம். இரண்டாம் தடவை முப்பத்தைந்து. "ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டாருங்க சார்" என்றார் இரண்டு தடவையும்.

"காரணத்துக்குக் கட்டத்தாள்ல எடமில்ல" என்றார் நேர்கோடு.

மெக்கானிக் போனபிறகு தாள் விரிந்தது. கிடையாக வருகை, மேலே தாமதம். ஒரு வருகைக்குப் பதினைந்து நிமிடம் ஏறுகிறது, ஆகவே சாய்வு பதினைந்து. கோட்டைப் பின்னால் நீட்டினால் நிமிட அச்சை ஐந்தில் வெட்டுகிறது. y = 15x + 5.

"இந்த அஞ்சு என்னன்னு பாரும்மா. நம்ம வீட்டுக்கு ஒரு தடவகூட வராதப்பவே அஞ்சு நிமிஷம் லேட்டு. பிறவியிலேயே இருக்கு. கல்யாணத்தன்னிக்குப் பத்தாவது தடவ வர்றாருன்னு வெச்சுக்க, நூத்தம்பத்தஞ்சு நிமிஷம். வந்தவங்க சாப்பிட்டு, கை கழுவிட்டு, நாற்காலிய மடக்கி வெச்சிருப்பாங்க."

நூற்றைம்பத்தைந்துக்கு இடம் வேண்டுமென்று நாலு தாள்களை ஒட்டியிருந்தார் மனிதர்.

மகள் அழவில்லை. அவளும் இவர் பெற்ற பெண்தானே! "எந்த ரெண்டு புள்ளி வெச்சாலும் கோடு விழத்தாம்ப்பா செய்யும். மூணாவது வெச்சுப் பாருங்க."

நேர்கோடு நெற்றியைத் தேய்த்தார். "சரி. கோட்ட விட்டு விலகினா நான் வாயே தொறக்கல. சரியா கோட்டு மேல, அம்பது நிமிஷத்துல வந்து நின்னா, இந்தப் பேச்ச இதோட விட்டுடணும்."

"விட்டுடறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு உரிமையில் நானும் போய் உட்கார்ந்தேன். ஆறு அடித்தது. ஆறேகாலும் ஆயிற்று. மகள் தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்ததே தவிர எடுப்பாரில்லை. ஆறரைக்கு நேர்கோடு பென்சிலைச் சீவினார். ஆறே முக்காலுக்கு மறுபடியும் சீவினார். ஜெயிக்கப்போகிறவர் முகம் மாதிரியே அது இல்லை. மகள் சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு, கடிகாரம் வேகமாக ஓடுகிறதா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

ஆறு ஐம்பதுக்கு அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் மெக்கானிக். முழங்கைவரை கிரீஸ். அவருக்குப் பின்னால், கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு நேர்கோட்டின் மனைவி.

"அஞ்சரைக்குச் சக்கர வாங்கப் போனவ எங்கன்னு யாராவது கேட்டீங்களா? லிஃப்டுக்குள்ள தொங்கிட்டிருந்தேன்! இந்தத் தம்பி ஆறுக்குப் பத்து இருக்கறப்பவே கீழ வந்துட்டாரு. நான் கதவத் தட்டற சத்தம் கேட்டு மேல ஓடினாரு. மோட்டார் ரூம் சாவி எங்கன்னு வாட்ச்மேனத் தேடவே பாதி நேரம்!"

"போன் பைக்குள்ள இருந்துச்சு சார். ரெண்டு கையும் வேலையில" என்றார் மெக்கானிக், வாசலில் நின்றபடியே.

நேர்கோட்டின் பென்சில் முனை ஐம்பதுக்கு மேல் நின்றது, இறங்கவில்லை.

"மைனஸ் பத்துப்பா" என்றாள் மகள். "கட்டடத்துக்குள்ள வந்த நேரந்தானே கணக்கு?"

"நம்ம வீட்டு மணி அடிச்சது அம்பதுலம்மா."

"அப்ப ரெண்டையும் வையுங்க."

வைத்தார். மூன்றாம் வருகைக்கு நேர்மேலே ஐம்பதில் ஒரு புள்ளி, நேர்கீழே மைனஸ் பத்தில் ஒரு புள்ளி. கை பழக்கத்தில் இரண்டையும் சேர்த்தது. கோடு நட்டமாக நின்றது. "பக்கத்துல நகரவேயில்ல. பூஜ்ஜியத்தால வகுக்கணும், வகுக்க முடியாது" என்று முணுமுணுத்தார். "இதுக்குச் சாய்வே கெடையாது."

"அவர் பொழப்பே அதானே. நேரா மேல, நேரா கீழ" என்று சொல்லிக்கொண்டே மனைவி சர்க்கரையோடு உள்ளே போனார்.

மெக்கானிக்கை உட்காரச் சொன்னாள் மகள். அவர் நாற்காலியின் வெள்ளை உறையையும் தன் காற்சட்டையையும் பார்த்தார். "வேணாங்க. கறையாயிடும். நிக்கிறேன்."

நேர்கோடு எழுந்தார். நாலு தாள் ஒட்டிய வரைபடத்தை மேசையிலிருந்து எடுத்து நாற்காலியில் விரித்தார். ஓரம் சுருண்டுகொண்ட இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.