மீன் படாத மரவள்ளி

டீசல் புகையும் உப்புக்காற்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றும் என் காலடியில் ஒரு மரப்படகு ஆடும். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் அப்பாவோடு ஷிப்டு வேலை பார்த்த ரஹ்மான் மாமா, மெர்சிங் கரைக்கு எதிரே உள்ள ஒரு சின்னத் தீவில் இருந்த தன் அக்காள் வீட்டுக்கு, பள்ளி விடுமுறையில் எங்களை அழைத்துப் போனார். லீவு கிடைத்த சந்தோஷத்தில், அன்று புரட்டாசிச் சனி என்பதை அப்பா மறந்துவிட்டார்.

அம்மா மறக்கவில்லை. முந்தைய வருடம் வேலையிடத்தில் அப்பாவின் கை வெந்துபோனபோது, கை பிழைத்தால் புரட்டாசிச் சனிதோறும் மீன் பட்ட சட்டியில் ஆக்கியதைக்கூடத் தொடமாட்டேன் என்று பெருமாளிடம் நேர்ந்துகொண்டவர். அதற்காகவே "புளிச்சோறு" கட்டி வந்தார். நடுக்கடலில் எழும்பிய ஓர் அலை, அந்தப் பொட்டலத்தை உப்புத்தண்ணீரில் ஊறவைத்துவிட்டது.

தீவில் இறங்கினால் கரையெல்லாம் காயும் மீன். அம்மா காலையிலிருந்து பட்டினி. படகில் வாந்தி வேறு எடுத்து முகம் வெளுத்திருந்தார்.

"பெருமாளே கடல்லதான் படுத்திருக்காரு. ஒரு வேளைக்குப் பொறுத்துக்க மாட்டாரா?" என்றார் அப்பா.

"படுத்துத்தான் இருக்காரு, மீன் திங்கல. நீங்க சும்மா இருங்க லா."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, ரஹ்மான் மாமாவின் அக்காளிடம் விஷயத்தை மலாயில் சொன்னார். அத்தை என்ற பொருளில் நாங்கள் "மாக்சிக்" என்று கூப்பிட்ட அந்த அம்மாள் உடனே ஒரு கம்பை எடுத்துக்கொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தார்.

அந்த நடையை என்னவென்று சொல்வேன்! எங்கள் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாத பாதை, பாறை இடுக்கில் கசிந்த சுனை, மேட்டில் ஏறியதும் அடிமணல் தெரியும்படி கிடந்த பச்சைக் கடல். ஆண்டவன் ஆற அமர உட்கார்ந்து செய்த இடம் என்றுதான் தோன்றியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மாக்சிக்கின் மரவள்ளித் தோட்டம்.

இடுப்பில் வெட்டுக்கத்தி இருந்தும் அவர் அதைத் தொடவில்லை, கம்பால் தோண்டினார். மீன் அரிந்த கத்தி அல்லவா! தேங்காயையும் பாறையில் அடித்தே உடைத்தார். கரைக்குத் திரும்பி, மட்டையை எரித்து, தணலுக்குள் கிழங்கைப் புதைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "சட்டி இல்ல, மீன் இல்ல" என்று அவர் மலாயில் சொன்னது எனக்கே புரிந்தது.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. வெந்த கிழங்கை வாழையிலையில் எடுத்து வைத்தவர், கைப்பையில் இருந்த கற்பூரத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு பெரிய துண்டைத் தனியே எடுத்து மாக்சிக்கிடம் நீட்டினார்.

"இந்தாங்கக்கா, மக்கான், சாப்பிடுங்க. இன்னும் சாமிக்குப் படைக்கல."

படைத்த பிறகு கொடுத்தால் முஸ்லிமான அவர் வாங்கத் தயங்குவார், வேண்டாம் என்று சொல்லவும் சங்கடப்படுவார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மாக்சிக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா கடலைப் பார்த்துக் "கோவிந்தா" என்று கும்பிட்டு, அதன் பிறகே சாப்பிட்டார்.

இப்போது அந்த மேட்டில் தங்கும் விடுதி நிற்கிறதாம். தோட்டம் இல்லை, மாக்சிக்கும் இல்லை, அம்மாவும் இல்லை. புரட்டாசிச் சனியன்று எங்கள் வீட்டுப் படையலில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் சுட்ட மரவள்ளி இருக்கும். கற்பூரம் ஏற்றுமுன் அதில் ஒரு துண்டை எடுத்து மூடி, அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாளுக்கு என் மகளிடம் கொடுத்தனுப்புவேன். அவள் திரும்பி வரும்வரை பெருமாள் காத்திருப்பார்.