சகாயம் தூங்கவைத்த மிஷின்

பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போடச் சொல்லி என் மனைவி கேட்காத நாளில்லை. "இன்னும் எவ்ளோ நாளைக்கு இத கட்டினு அழுவப் போறீங்க?" போன வாரம் ஒருவழியாக இறக்கினேன். போடுவதற்கு முன் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்போமே என்று உள்ளிருக்கும் சின்ன பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்திவைத்தேன். தூசி சூடேறும் வாசனை வந்தது. அவ்வளவுதான், மனசு கடலூர் செம்மண்டலத்தில் சகாயத்தின் அறைக்குப் போய்விட்டது.

சகாயம் என்னோடு கல்லூரியில் படித்தவன். படிப்பு முடிந்ததும் நான் சிதம்பரம் கீழவீதியில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அவன் கடலூரில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்துகொண்டிருந்தான். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் லினக்ஸ் தெரிந்தால் சென்னையில் வேலை நிச்சயம் என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். அப்போது ஆங்கில மாத இதழ்களோடு லினக்ஸ் சி.டி. இலவசமாக வரும். அதை மின்னுவதற்காக சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பதில் மின்வெட்டு எப்படி இருந்ததென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சகாயம் வீட்டில் நாலு மணிக்குக் கரண்ட் போகும். யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தும், கத்தி முடிப்பதற்குள் செத்துவிடும். லினக்ஸ் ஏறுவதோ ஆமை வேகம். முக்கால்வாசி ஏறியிருக்கும்போது கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை விண்டோஸும் சேர்ந்து அழிந்து, அவன் அக்காவின் கல்யாணப் படங்கள் அத்தனையும் போயின. அக்கா வெகுநாள் அவனோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் விர்ச்சுவல் மிஷினைக் கண்டுபிடித்தான்.

"கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மச்சான். உள்ள இருக்கிறது என்னா ஆனாலும் வெளிய இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆவாது."

"அதுக்குத் தனியா யூபிஎஸ் வாங்கணுமா?" என்று கேட்டேன். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டேன்.

அவனுக்கு அதில் பிடித்தது வேறு. லினக்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்த மிஷினை அப்படியே நிறுத்தி வைக்கலாம். எந்த நொடியில் நிறுத்தினோமோ அதே நொடியிலிருந்து மறுபடி தொடரும். நடுவில் காலம் போனதே அதற்குத் தெரியாது. நாலு மணி நெருங்கினால் "தூங்க வச்சிடுறேன்" என்பான். கரண்ட் வந்ததும் எழுப்புவான். தொட்டில் பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு பக்குவம் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தான்.

"மச்சான், உம்பேர்ல ஒரு மிஷின் போட்டுனு இருக்கேன். ஞாயித்துக்கெழம வந்து கத்துக்க."

"பாஸ்வேர்டு என்னடா?"

"வந்தா சொல்றேன்." சிரித்தான். "கரண்டு போவப் போவுது, தூங்க வச்சிடுறேன். மீதி நீ வந்ததும்."

மறுநாள் சேத்தியாத்தோப்புப் பக்கம் கம்ப்யூட்டர் பார்க்கப் போனவனை லாரி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனேன். கல்லறைத் தோட்டத்துக்கு.

கொஞ்ச நாள் கழித்து அவன் அப்பா கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தார். "நீயே எடுத்துனு போப்பா. அவுங்க அம்மா அத்தப் பாத்துப் பாத்து அழுவுறா." வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு தடவை திறந்தேன். பட்டியலில் என் பெயரில் ஒரு மிஷின், பக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பு. மூடிவிட்டேன். எழுப்பினால் அந்த வெள்ளிக்கிழமை ஓட ஆரம்பித்துவிடும், ஓடினால் தீர்ந்துவிடும் என்று பயம். தீராதவரை அவன் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறான் என்றொரு பைத்தியக்கார நினைப்பு. நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். நகல் எடுக்க அதென்ன கல்யாணப் படமா?

போன வாரம் எழுப்பினேன். கம்ப்யூட்டருக்குள் மின்விசிறி உறுமுகிற உறுமலில், இன்னொரு தரம் இது உயிர்பெறாது என்று தெரிந்துவிட்டது. திரையின் மூலையில் வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு ஐந்து நிமிடம். பாதியில் நின்றிருந்த கோடு மெல்ல நகர்ந்தது. அவன் தொடங்கிய வேலை அவனில்லாமல் நடந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. உள்ளே நாலு மணி ஆயிற்று. கரண்ட் போகவில்லை. நாலைத் தாண்டி அந்த வெள்ளிக்கிழமை போய்க்கொண்டே இருந்தது.

கோடு நிரம்பி, மறுபடி தொடங்கவா என்று கேட்டது. சரி என்றேன். மிஷின் அணைந்து திரும்பி வந்தபோது மூலையில் இன்றைய கிழமை, இன்றைய மணி. நடுவில் என் பெயர், அதன் கீழே பாஸ்வேர்டுக்கு வெற்றுக் கட்டம். அவன் அக்கா பெயர், பைக் நம்பர், அவன் என்னைத் திட்டும் வார்த்தைகள் வரைக்கும் அடித்துப் பார்த்தேன். எல்லாம் தவறு. உடைத்து உள்ளே போக எனக்கு வழி தெரியும், அந்த மாதிரி வேலைக்குத்தான் இப்போது சம்பளம் வாங்குகிறேன். கை போகவில்லை.

செம்மண்டலத்து வீட்டை இடித்துவிட்டார்கள். நாலு மணி மின்வெட்டு போயிற்று, இலவச சி.டி. போயிற்று, பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் என்னிடம் மிச்சமிருந்தது. அதையும் ஓடவிட்டுவிட்டேன்.

"வந்துட்டேன்டா, சொல்லு" என்றேன் திரையைப் பார்த்து.

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: "யாருகிட்ட பேசினு இருக்கீங்க?"