நிறம் உட்காராத தாள்கள்

அன்று இருந்தவர்கள்: மதுரையில் கடைப் பலகை எழுதும் நான். பொம்மைப் படம் எடுக்கும் என் தங்கை மகள் செல்வி. புதுப்பட்டிப் பட்டாசு ஆலை வாட்ச்மேன். சிவகாசி அச்சகத்தில் மிஷின் ஓட்டும் பால்ராஜ். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினோம். விருதுநகர் ஐம்பது கிலோமீட்டர். இறங்கி டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். நல்ல டீ.

செல்வியின் படம் மூன்று நிமிடம். தீப்பெட்டி லேபிளில் இருக்கிற கிளி உயிர் வந்து பறந்துபோகிறது. உயிர் வருகிற இடம் மூன்று நொடி. நொடிக்குப் பன்னிரண்டு படம், மொத்தம் முப்பத்தாறு. இரண்டு தடவை வரைந்து கொடுத்தேன். கிளி பறந்தது, உயிர் வரவில்லை. திங்கட்கிழமை போட்டிக்கு அனுப்ப வேண்டும். அந்த மூன்று நொடி இல்லாவிட்டால் படமே இல்லை. பட்டாசு மருந்தில் நெருப்பு பிடிக்கிறதைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று கிளம்பி வந்தோம்.

ஒன்பதரை மணி, எம். புதுப்பட்டி. காய்ந்த காட்டுக்கு நடுவில் ஆலை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையில் வெறும் மண், ஒரு வேம்பு. அத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சத்தமே இல்லை. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. போன், கேமரா எதுவும் ஆகாது என்றார். வந்த காரியத்தைச் சொன்னேன். சிரித்தார்.

“தாள்ல இருக்க கிளிக்கு வெடிய வந்து பாக்கீகளே அண்ணாச்சி. அச்சாபீசுக்குல்ல போகணும்.”

அவரே பால்ராஜுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

பதினொன்றரைக்குச் சிவகாசி. மிஷினில் ஓடிக்கொண்டிருந்ததும் ஒரு கிளி லேபிள்தான், தாள் முழுக்க வரிசையாகக் கிளிகள். பால்ராஜ் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருகினார். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தது. அப்படி ஒரு கை நான் பார்த்ததில்லை. நல்ல தாளாக எடுத்துக் காட்டினார். செல்வி அதைப் பார்க்கவில்லை. மிஷின் ஓரம் கிடந்த தாள்கட்டைப் பார்த்தாள்.

“அது செட்டிங் தாளும்மா. கலர் உக்காரல. அதப் பாக்காதீக.”

உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். செல்வி சுற்றிப் போய் ஒரு மூலையைப் பிடித்து, விரலால் சடசடவென்று தட்டிவிட்டாள். சிவப்பு அலகு தனியே நின்றது. மஞ்சள் இறக்கை தள்ளாடி வந்தது. பச்சை நடுங்கியது. எல்லாம் கூடி, கடைசித் தாளில் கிளி முழித்துக்கொண்டது.

“மாமா, பாத்தியா?”

பார்த்தேன். பால்ராஜும் பார்த்தார்.

“இருவது வருசமா இதக் கழிச்சுப் போடுதேன்” என்றார்.

வரிசை கலையாமல் கட்டிங் மிஷினில் வைத்து, மூலைக் கிளியை ஒரே வெட்டில் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். பலகையில் ஓர் எழுத்து விலகினால் நான் உடனே துடைத்துவிடுவேன். நான் வரைந்ததையெல்லாம் நீக்கிவிட்டு இந்தத் தாள்களைப் போடு என்று செல்வியிடம் சொன்னேன்.

“வருத்தமா மாமா?”

இல்லை, முப்பத்தாறு இருக்கிறதா எண்ணு என்றேன். திருமங்கலத்தில் எண்ணி முடித்தாள்.

நாற்பத்தொன்று.