கழுவாத ஏழாம் நம்பர்

கோ-கார்ட் என்னும் குட்டிக் கார்களின் பந்தயத் திடலில் மெக்கானிக் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். புதிதாகப் போட்ட பேரிங் இரண்டே மாதத்தில் கரகரவென்று கத்தி, சக்கரம் ஆடத் தொடங்கிவிடும். ஏழாம் நம்பர் வண்டி மட்டும் மூன்று வருடமாக மக்கர் செய்ததே இல்லை. முதல் நாளே தன் காலில் ஏறிய வண்டி என்று, வண்டி கழுவும் அவள் கணவர் அதைத் தொடுவதில்லை.

ஒருநாள் அவர் மற்ற வண்டிகளின் பேரிங்குக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, உள்ள இருக்கற கிரீஸ் பூரா தண்ணியோட போகுதே! இனிமே அந்த இடத்த துணியால தொடைச்சா போதும்.”

ஆறு மாதம் ஓடியது. ஒரு பேரிங்கும் போகவில்லை. மனம் குளிர்ந்த கணவர், பழைய பகையை மறந்து, ஏழாம் நம்பரிடம் துணியோடு போனார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “அத விட்ருங்க! உங்க கோபந்தான் இத்தன வருஷம் அத காப்பாத்துச்சு!”